அட்வைஸ் வேண்டாம் சார், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க!



ஒரு செமஸ்டருக்கு நம்ம காலேஜுல எத்தனை கெஸ்ட் லெக்சர் நடக்குதுன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? டிபார்ட்மென்ட் அசோசியேஷன் தொடக்க விழா, சிம்போசியம், தொழில்முனைவோர் மையக் கூட்டம், முன்னாள் மாணவர் சந்திப்பு என்று குறைந்தது நாலைந்து தேறும். ஓடி கிடைக்கும் என்பதற்காகவாவது ஆடிட்டோரியம் நிறைந்துவிடும். பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து விருந்தினர் ஒரு மணி நேரம் பேசுவார். கடைசியில் மைக் நம்ம பக்கம் வரும். முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், எங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸுக்கு நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?"

அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். கடினமா உழைங்க. தோல்வியைக் கண்டு துவளாதீங்க. ரிஸ்க் எடுங்க. பிடிச்சதைச் செய்யுங்க. கைதட்டல், குரூப் போட்டோ, டீ, சமோசா. ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து நோட்டைத் திறந்தால் நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியும் பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவு உபசார விழாவிலேயே கேட்டதுதான்.

வந்தவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. இருபது வருடம் தொழிலில் இருந்தவரிடம் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும்படி ஒரு பொதுவான கேள்வி கேட்டோம். அவரும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனதுக்குள் இருந்த சரக்கு அப்படியே அவர் காரிலேயே திரும்பிப் போய்விட்டது.

அந்தச் சரக்கை எப்படி வாங்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரே வரியில் சொல்வதானால்: அனுபவசாலிகளிடம் அறிவுரை கேட்காதீங்க, நடந்த சம்பவத்தைக் கேளுங்க. ஏன், எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதுல நமக்கு என்ன போச்சு?

"ஒரு பேச்சு நல்லா இல்லைன்னா என்ன மச்சி, ஓடி கிடைச்சுதுல்ல?" என்று கேட்கலாம். ஆனால் ஃபைனல் இயர்ல உட்கார்ந்து யோசிச்சுப் பாருங்க. ஒரு கையில் ஆஃபர் லெட்டர். இன்னொரு பக்கம் ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஏதாவது ஆரம்பிக்கலாம்னு ஒரு ஐடியா. வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடத்தில் தவணை கட்டத் தொடங்க வேண்டும். அப்பாவுக்கு இன்னும் சில வருடம்தான் சர்வீஸ். தங்கச்சி பிளஸ் ஒன் படிக்கிறாள்.

அந்த நேரத்தில் மேடையில் ஒருவர், "நான் வேலையை விட்டப்போ என் பாக்கெட்ல ஒன்னுமே இல்லை, தைரியம் மட்டும்தான் இருந்துச்சு" என்கிறார். ஆடிட்டோரியம் அதிர்கிறது. உங்களுக்கும் ரத்தம் சூடாகிறது. ஆனால் அன்றைக்கு அவர் வீட்டு வாடகையை யார் கொடுத்தது? மனைவி வேலையில் இருந்தாரா? சொந்த வீடா? முதல் ஆர்டர் பழைய கம்பெனி மூலமாக வந்ததா? இதெல்லாம் அவர் மறைத்தது கிடையாது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத அந்த நாலு கேள்வியை நம்பித்தான் நாம் ஒரு பெரிய முடிவை எடுக்கப் போகிறோம். வேலையில் சேர்வதா, தொழில் தொடங்குவதா என்பது அவரவர் முடிவு. எந்தப் பக்கம் போனாலும் பாதி விவரத்தை வைத்துக்கொண்டு போகக் கூடாது.

தெரிஞ்சவங்களுக்கே தெரியாத விஷயம்

அம்மாகிட்ட, "சாம்பாருக்கு எவ்வளவு உப்பும்மா?" என்று கேட்டுப் பாருங்க. "ஒரு கை அளவு போடுடா" என்பார். எந்தக் கை, எவ்வளவு மடக்கணும்? சொல்லத் தெரியாது. ஆனால் பக்கத்தில் நின்று, "இப்போ ஏன்மா கொஞ்சம் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டால், "பருப்பு இன்னைக்கு இறுகிப் போச்சு, பார்த்தாலே தெரியுதே" என்று பதில் வரும். பொதுவாகக் கேட்டால் வராத அறிவு, நடந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சுட்டிக் கேட்டதும் வந்துவிடுகிறது.

இதையே ஆராய்ச்சியாகச் செய்தவர் கேரி கிளெயின் என்ற அமெரிக்க உளவியலாளர். 1980-களின் நடுவில் தீயணைப்புப் படைத் தலைவர்கள் நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அறிய அவரது குழு பேட்டி காணப் போனது. பல வருட அனுபவம் உள்ளவர்கள் அவர்கள். "எப்படி முடிவெடுக்கிறீங்க?" என்று கேட்டபோது, நாங்கள் முடிவே எடுப்பதில்லை என்கிற மாதிரி பதில் வந்தது. என்ன செய்ய வேண்டுமோ அது பார்த்த உடனே தெரியும், அவ்வளவுதான் என்றார்கள். பேட்டி அதோடு நின்றிருந்தால் ஆராய்ச்சியும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கிளெயின் குழுவினர் குறிப்பிட்ட ஒரு தீ விபத்தை எடுத்துக்கொண்டு நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னார்கள்.

அப்படிக் கிடைத்ததில் ஒன்று மிகவும் பிரபலமானது. ஒரு மாடி இல்லாத வீட்டில் பின்பக்கச் சமையலறையில் தீ. ஒரு அதிகாரி தன் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார். தீ அடங்கவில்லை. திடீரென்று அவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. எல்லோரையும் உடனே வெளியேறச் சொல்கிறார். அவர்கள் வெளியே வந்த சிறிது நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. உண்மையான தீ தரைக்கு அடியில் இருந்த நிலவறையில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவரிடம் காரணம் கேட்டால், தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்!

விவரமாகக் கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த அளவு சின்னத் தீக்கு அறை அவ்வளவு சூடாக இருக்கக் கூடாது. தண்ணீர் அடித்தால் அடங்கியிருக்க வேண்டும். அவ்வளவு சூட்டுக்கு இன்னும் அதிகச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அமைதியாக இருந்தது. தரை சத்தத்தை அடக்கிக்கொண்டிருந்தது. மூன்றும் அவர் பார்த்த வழக்கத்துக்குப் பொருந்தவில்லை. அவர் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார், போட்டது அவருக்கே தெரியவில்லை.

இந்த அதிகாரியை நம்ம காலேஜுக்குக் கூப்பிட்டு, "சார், வெற்றிக்கு என்ன காரணம்?" என்று கேட்டிருந்தால், "உள்ளுணர்வை நம்புங்க" என்று சொல்லியிருப்பார். நாமும் கைதட்டி நோட்டில் எழுதியிருப்போம். சூடு, சத்தம், தண்ணீர் என்ற மூன்று அளவுகோல் நமக்குக் கிடைத்தே இருக்காது.

மூன்று பேர், மூன்று சம்பவம்

நம்ம ஊர்க்காரர்கள் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மூன்று பேரைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. போஸ்டரில் அவர்கள் பெயருக்குக் கீழே என்ன போடுவோம், சம்பவத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்க.

முதலாமவர் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்தவர், 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். போஸ்டர் வாசகம்: விடாமுயற்சி. சம்பவம் என்ன? 1998-இல் முதலில் பஞ்சை வைத்து ஒரு நாப்கின் செய்து மனைவியிடம் கொடுக்கிறார். அடுத்த ரிசல்ட்டுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. ஒரு மாதத்துக்கு ஒரு டெஸ்ட் என்றால் எப்போது முடிப்பது? வேறு பெண்களிடம் கேட்டால் வெட்கத்தில் பேச மாட்டார்கள். அதனால் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பில் கட்டிக்கொண்டு தானே சோதித்துப் பார்த்தார். நம்ம பாஷையில் சொன்னால், டெஸ்ட் சைக்கிள் நீளமாக இருந்தது, அதனால் ஒரு டெஸ்ட் ரிக் செய்தார்.

அடுத்த சிக்கல், பஞ்சு சரிப்படவில்லை. பெரிய கம்பெனிகள் எதில் செய்கின்றன? கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஆங்கிலம் சரளமாக வராது. ஒரு கல்லூரிப் பேராசிரியரின் உதவியோடு வெளிநாட்டு நிறுவனங்களைத் தொடர்புகொண்டு, தன்னை ஒரு மில் முதலாளி என்று சொல்லிக்கொண்டு மூலப்பொருள் சாம்பிள் கேட்டார். வந்த சாம்பிளைப் பார்த்த பிறகுதான் அது மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று தெரிந்தது. "விடாமுயற்சி" என்ற ஒரு சொல்லுக்குள் டெஸ்ட் ரிக், சப்ளையரிடம் சாம்பிள் கேட்பது, மொழி தெரிந்த ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று மூன்று தனித்தனி வேலை இருக்கிறது. முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நம்மால் எதுவும் செய்ய முடியாது. இந்த மூன்றையும் நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டிலேயே செய்து பார்க்கலாம். அந்த வருடங்களில் அவர் மனைவியும் தாயும் அவரைப் பிரிந்து போனார்கள், மனைவி பிறகு திரும்பி வந்தார் என்பதும் அதே சம்பவத்தின் விலைப்பட்டியலில்தான் வருகிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாமவர் கடலூரிலிருந்து வந்த கவின்கேர் சி.கே. ரங்கநாதன். போஸ்டர் வாசகம்: சிறுதுளி பெருவெள்ளம். குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983-இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூ தொடங்கியவர். சம்பவம் ஒன்று: எந்தக் கம்பெனி ஷாம்பூவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். விற்பனை பிடித்த பிறகு, சிக் காலி பாக்கெட் கொண்டுவந்தால்தான் இலவசம் என்று மாற்றினார். முதல் கட்டத்தில் மற்ற கம்பெனி வாடிக்கையாளர் தன் பொருளை ஒரு முறை தொட்டுப் பார்க்கிறார். இரண்டாம் கட்டத்தில் அவர் இங்கேயே தங்கிவிடுகிறார். மார்க்கெட்டிங் எலெக்டிவில் ஒரு யூனிட் நடத்துவதை இரண்டு வரியில் காட்டுகிற சம்பவம் இது.

சம்பவம் இரண்டு எனக்கு இன்னும் பிடித்தது. அடமானம் வைக்கச் சொத்து இல்லாததால் அவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. பிறகு 25,000 ரூபாய் கடன் கிடைத்தது. சிபாரிசு செய்த வங்கி மேலாளர் கவனித்தது என்ன தெரியுமா? இவ்வளவு சின்னக் கம்பெனி வருமான வரி கட்டுகிறதே என்பதை. இதை ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். "பேங்க்ல லோன் கிடைக்காதுப்பா" என்று புலம்பும் எந்த அறிவுரையிலும் இந்த விவரம் வராது. "முதல் லோன் எப்படிக் கிடைச்சுது, மேனேஜர் என்ன பேப்பர் கேட்டார்?" என்று கேட்டால்தான் வரும்.

மூன்றாமவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. போஸ்டர் வாசகம்: சேவை மனப்பான்மை. அரசுப் பணியில் ஓய்வு பெற்று 58 வயதில், 1976-இல், 11 படுக்கையோடு தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அதற்கேற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சை செய்தார்.

சேவை மனப்பான்மை நிறைய பேரிடம் இருக்கிறது. அவர் மருத்துவமனை வளர்ந்த விதத்தை இன்ஜினியர் கண்ணால் பாருங்க. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். புரொடக்ஷன் படிக்கிறவங்களுக்கு இது ஐடில் டைம் குறைப்பு என்று சட்டென்று புரியும். மெக்டொனால்ட்ஸ் கடைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இயங்குவதைப் பார்த்து, கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொண்டுபோகக் கூடாது என்று யோசித்தவர் அவர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்தார்கள். "சேவை செய்யுங்க" என்று கேட்டுக்கொண்டு வருவதற்கும், "ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும், எங்கே நேரம் வீணாகுது?" என்று தெரிந்துகொண்டு வருவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

நாலு சுற்று முறை

சரி, எப்படிக் கேட்பது? கிளெயினும் அவர் சகாக்களும் தங்கள் பேட்டி முறையை 1989-இல் ஐ ட்ரிபிள் ஈ ஆய்விதழ் ஒன்றிலேயே வெளியிட்டார்கள். நம்ம தேவைக்கு அதை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்.

முதல் சுற்று: ஒரே ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுக்க வைங்க. "சார், உங்க தொழில்ல ரொம்பக் கஷ்டமா முடிவெடுத்த ஒரு நாளைச் சொல்லுங்களேன்." அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீங்க. தலையாட்டினால் போதும்.

இரண்டாம் சுற்று: காலக்கோடு. "அது எந்த வருஷம் சார்? ஆர்டர் கேன்சல் ஆனது முதல்லயா, மெஷின் வாங்குனது முதல்லயா?" என்று வரிசைப்படுத்துங்க. நினைவில் கதை எப்போதும் நேர்கோடாக இருக்கும். தேதி போட ஆரம்பித்தால் நடுவே ஓட்டை தெரியும். "மெஷின் வாங்குனதுக்கும் முதல் பில் போட்டதுக்கும் நடுவுல எட்டு மாசம் இருக்கே, அப்போ எப்படிச் சமாளிச்சீங்க?" அந்த எட்டு மாதத்தில்தான் பாடம் இருக்கிறது.

மூன்றாம் சுற்று: ஆழம். முடிவெடுத்த இடத்தில் நிறுத்திக் கேளுங்க. "அப்போ உங்களுக்கு என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது? வேற என்ன வழி இருந்துச்சு? யாரைக் கேட்டீங்க? யார் வேண்டாம்னாங்க? கையில எவ்வளவு காசு இருந்துச்சு?"

நாலாம் சுற்று: "இப்படி நடந்திருந்தா?" "அந்த ஆர்டர் வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" "உங்க இடத்துல என்னை மாதிரி ஒரு புதுப் பையன் இருந்திருந்தா எங்கே சறுக்கியிருப்பான்?" இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காம கேளுங்க. தன் திறமையைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கூடப் புதுப் பையன் எங்கே தப்புப் பண்ணுவான் என்று பட்டியல் போட்டுவிடுவார். அந்தப் பட்டியல்தான் அவருடைய திறமை.

நாலு சுற்றுக்கும் நேரம் இல்லை, ஆடிட்டோரியத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் வாய்ப்பு என்றால்? கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்க. சில உதாரணம்:

"வெற்றியின் ரகசியம் என்ன?" என்பதற்குப் பதில், "உங்க முதல் கஸ்டமர் யாரு சார், அவர் உங்ககிட்ட எப்படி வந்தார்?"

"தோல்வியை எப்படிக் கையாண்டீங்க?" என்பதற்குப் பதில், "சம்பளம் போட முடியாத மாசம் ஏதாவது இருந்துச்சா? அந்த மாசம் என்ன பண்ணீங்க?"

"எந்த ஸ்கில் முக்கியம்?" என்பதற்குப் பதில், "போன வாரம் உங்க நேரம் எதுல அதிகமாப் போச்சு மேடம்?"

"இந்த ஃபீல்டுக்கு ஃபியூச்சர் இருக்கா?" என்பதற்குப் பதில், "கடைசியா நீங்க வேலைக்கு எடுத்தவர் யாரு, அவரை ஏன் எடுத்தீங்க?"

பெண் தொழில்முனைவோர் வந்தால் நம்ம ஆட்கள் தவறாமல் கேட்பது, "வீட்டையும் தொழிலையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க?" என்பது. கேளுங்க, ஆனால் ஆண்கள் வரும்போதும் கேளுங்க. "நீங்க ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஒர்க்‌ஷாப்ல இருந்தப்போ பசங்களை யாரு பார்த்துக்கிட்டாங்க சார்?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் அந்தக் கம்பெனியின் பெயர் போடாத பார்ட்னர் யார் என்று தெரிந்துவிடும்.

மேடைக்கு வராதவங்க

நிபுணர் என்றாலே கோட் போட்டு மேடைக்கு வருகிறவர் என்று நினைத்துக்கொள்கிறோம். அம்பத்தூரிலும் கிண்டியிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் போனால் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்கள். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், நாலு ஆளோடு ஜாப் ஒர்க் செய்கிற ஓனரிடம் அரை மணி நேரம் பேசிப் பாருங்க.

அவரிடம் கேட்க ஒரு கேள்வி தருகிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் வட்டியும் தர வேண்டும். "அண்ணே, உங்களுக்கு எத்தனை நாள்ல பணம் வரும்?" என்று கேளுங்க. "வரலைன்னா கம்ப்ளைன்ட் பண்ண வழி இருக்கே, ஏன் பண்றதில்லை?" என்றும் கேளுங்க. லாபம் வந்தாலும் கையில் காசு இருக்காது என்பது எப்படி, ஒரே பெரிய கஸ்டமரை நம்பியிருந்தால் என்ன ஆகும், சட்டத்துக்கும் சந்தைக்கும் நடுவே என்ன இடைவெளி என்று மூன்று பாடம் அந்த ஒரு பதிலில் கிடைக்கும். ஸ்டார்ட்அப் போட்டியில் ஸ்லைடு போடும்போது கேஷ் ஃப்ளோ பக்கத்தைச் சும்மா நிரப்ப மாட்டீங்க.

இன்னொரு வகை ஆட்களையும் தேடிப் போகணும். தொழிலை மூடியவர்கள். சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படத்தை மீம்ஸில் பார்த்திருப்பீங்க. இரண்டாம் உலகப் போரில், திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே குண்டு பட்டிருக்கிறது என்ற கணக்கு ஆபிரகாம் வால்டு என்ற கணிதவியலாளர் கைக்கு வந்தது. குண்டு பட்டும் திரும்பி வந்தவை இவை, அடிபடக் கூடாத இடத்தில் பட்டவை திரும்பவே இல்லை, அதனால் விழுந்துபோன விமானங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். நம்ம ஆடிட்டோரியத்துக்கு வருகிற எல்லோரும் திரும்பி வந்த விமானங்கள். "நான் காலேஜை விட்டுட்டுத் தொழில் ஆரம்பிச்சேன், ஜெயிச்சேன்" என்று ஒருவர் சொன்னால், அதே காரியத்தைச் செய்து தோற்றவர் எத்தனை பேர் என்று அந்த மேடை சொல்லாது.

மூடியவரிடம் பேசும்போது மட்டும் வார்த்தையில் கவனம் வேணும். "ஏன் சார் ஃபெயில் ஆனீங்க?" என்று கேட்டால் அவர் ஏன் உட்கார்ந்து பேசணும்? "மூடலாம்னு எப்போ முடிவு பண்ணீங்க? அதுக்கு எவ்வளவு நாள் முன்னாடியே மனசுக்குத் தெரிஞ்சுது?" என்று கேளுங்க. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் எவ்வளவு கடன் கூடியது என்பது உங்கள் வாழ்க்கையில் ஒரு நாள் லட்சக்கணக்கில் மிச்சம் பிடித்துக் கொடுக்கலாம்.

போறதுக்கு முன்னாடியும் வந்த பிறகும்

போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தயார் பண்ணுங்க. கூகுளில் கிடைக்கிற விஷயத்தை அவரிடம் கேட்பது அவர் நேரத்தைத் திருடுவது மாதிரி. பதிவு செய்த கம்பெனி என்றால் எந்த வருடம் தொடங்கியது, இயக்குநர்கள் யார் என்ற விவரம் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இருக்கும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஆண்டறிக்கையே கிடைக்கும். தேதிகளை முன்பே குறித்துக்கொண்டு போனால் இரண்டாம் சுற்று சுலபமாகிவிடும்.

பேசும்போது போனை மேசையில் கவிழ்த்து வைங்க. ரெக்கார்டு பண்ணணும்னா கேட்டுட்டுப் பண்ணுங்க. "இதை எழுதாதப்பா" என்று அவர் சொன்னால் எழுதக் கூடாது. ஸ்டேட்டஸ் போடக் கூடாது, ஹாஸ்டலில் சொல்லிச் சிரிக்கவும் கூடாது. பணத்தைப் பற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தால், "சொல்ல இஷ்டம் இருந்தா சொல்லுங்க சார்" என்று ஒரு வார்த்தை முன்னாடி சேர்த்துக்கோங்க. நிறைய பேர் சொல்லிவிடுவார்கள். உண்மையில் அக்கறையோடு தொழிலைப் பற்றி அவர்களிடம் கேட்கிறவர்கள் குறைவு.

திரும்பி வந்த அன்றைக்கே எழுதிடுங்க. நோட்டில் மூன்று கட்டம் போடுங்க. முதல் கட்டத்தில் நடந்தது: தேதி, தொகை, ஆட்கள். இரண்டாம் கட்டத்தில் அதற்கு அவர் சொன்ன காரணம். மூன்றாம் கட்டத்தில் உங்களுக்குத் தோன்றும் காரணம். மூன்றையும் கலக்காதீங்க. "மார்க்கெட்டை முன்கூட்டியே கணிச்சேன்" என்று அவர் சொன்னது இரண்டாம் கட்டம். அந்த வருடம் ஒரு போட்டிக் கம்பெனி மூடியதால் ஆர்டர் இவருக்கு வந்தது என்பது முதல் கட்டத்தில் இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னதில் கதை அப்படி வழவழப்பாகிவிட்டது. நாம் எல்லோருமே இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" கேள்விக்கு அப்படித்தானே பதில் சொல்கிறோம்!

ஒரே மாதிரித் தொழிலில் மூன்று பேரிடம் பேசிவிட்டு முதல் கட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மூன்றிலும் வருவது எது, ஒருவரிடம் மட்டும் இருந்தது எது என்று தெரியும். மூன்றிலும் வருவதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தது அவருடைய அதிர்ஷ்டமாகவோ குடும்ப வசதியாகவோ இருக்கலாம். அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வைங்க.

இந்த மாத வேலை

படிச்சுட்டு மூடி வச்சா பிரயோஜனம் இல்லை. இந்த மாதத்துக்குள் ஒரே ஒரு ஆள். உங்க தெரு எலெக்ட்ரீஷியன், மெஸ் கான்ட்ராக்டர், காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர், ஊரில் கோழிப் பண்ணை வைத்திருக்கும் மாமா, வேலையை விட்டுத் தொழில் தொடங்கிய சீனியர் அக்கா, யாராக இருந்தாலும் சரி. ஒரு சம்பவம், நாலு சுற்று, மூன்று கட்டம். இரண்டு பக்கம் எழுதுங்க. அவரிடம் படித்துக் காட்டி, பெயர் போடலாமா வேண்டாமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு நம்ம இதழுக்கு அனுப்புங்க.

எழுதியதில் "கடின உழைப்பு" என்ற சொல் வந்தால் அடித்துவிட்டு, எத்தனை மணி நேரம், எந்த வேலை, எத்தனை மாதம் என்று அந்த இடத்தில் எழுதுங்க. எழுத முடியவில்லை என்றால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். போய்க் கேட்டுட்டு வாங்க.